மஸ்டர் ரோலை மறைக்கும் சட்டத் திருத்தம்

(தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகள் நிறைவடைந்ததையொட்டி, 2025 நவம்பர் இறுதியில் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் இருபதாம் ஆண்டு நிறைவைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் இந்த வகுப்பு முதலில் திட்டமிடப்பட்டது. ஆனால் இம்மாதம் 14ஆம் தேதி நிலைமை மாறிவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளை ஒன்றிய அரசு அறிவிக்கை செய்தது. அதனுடன், அச்சட்டத்தின் 44(3)ஆவது பிரிவும் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தப் பிரிவு தனிநபர் தரவைப் பற்றியதே அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவைத் திருத்துவதே அதன் வேலை. எனவே ஆண்டு நிறைவு விழாவில் பேச வேண்டிய செய்திகளுக்குப் பதிலாக, ஒரு தாக்குதலைப் பற்றிப் பேச வேண்டியவனாக இருக்கிறேன்.

இந்தத் தாக்குதல் பத்திரிகையாளர்களையும் வழக்கறிஞர்களையும் மட்டும் பாதிக்கிற ஒன்று என்று நம்மில் சிலர் கருதக்கூடும். அது தவறான மதிப்பீடு. இந்த உரிமை கூலிப் போராட்டத்தில் பிறந்தது. அது பறிக்கப்பட்டால் முதலில் அடிபடுவது கூலித் தொழிலாளியே. இதைத்தான் இன்று விளக்க முயல்கிறேன்.

கூலியிலிருந்து பிறந்த உரிமை

ராஜஸ்தான் மாநிலத்தின் நடுப்பகுதியில் ராஜ்சமந்த், பாலி, அஜ்மீர் மாவட்டங்கள் உள்ளன. அடிக்கடி வறட்சி தாக்குகிற பகுதி அது. மழை பொய்த்த ஆண்டுகளில் அரசு நடத்திய பஞ்ச நிவாரண வேலைகளே ஏழைக் குடும்பங்களுக்கு ஆதாரம். நிவாரண வேலை என்பதற்காகக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 1983இல் உச்சநீதிமன்றம், ராஜஸ்தான் தொடர்பான ஒரு வழக்கிலேயே தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் வேலைத்தளத்தில் முழுக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீங்கள் அளவுப்படி வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்பது பதில். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், "அது அரசாங்க ரகசியம்" என்பது அடுத்த பதில்.

1990 மே தினத்தன்று அப்பகுதியில் மஸ்தூர் கிசான் சக்தி சங்காதன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து விலகிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் உள்ளூர் விவசாயிகளும் தொழிலாளர்களும் அதில் இருந்தனர். அது நமது அமைப்பு அல்ல. நமது அரசியல் நிலைப்பாடுகள் அனைத்தையும் ஏற்றுக்கொண்ட அமைப்பும் அல்ல. ஆனால் அது கண்டறிந்த ஓர் உண்மை உழைப்பாளர் இயக்கம் முழுமைக்கும் உரியது. கூலிக்கான போராட்டத்தில் பதிவேடு முதலாளியின் அல்லது அதிகாரியின் கையில் மட்டும் இருக்கும்வரை, தொழிலாளியின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை என்பதே அந்த உண்மை.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டம் கோட்கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. இந்தியில் ஜன் சுன்வாயி என்பார்கள். பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோல்களும் பில்களும் ஊர் மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் பட்டியலைக் கேட்டார்கள். ஒவ்வொரு பெயராக வாசிக்கப்பட்டபோது, இவர் இறந்துவிட்டார், இவர் ஊரிலேயே இல்லை, இவர் அந்த வேலைக்கே வரவில்லை என்று கூட்டத்திலிருந்தே பதில் வந்தது. தணிக்கைத் துறையின் எந்த அதிகாரியும் அலுவலகத்தில் அமர்ந்து கண்டுபிடிக்க முடியாததை, அந்த ஊர் மக்கள் ஒரே பகலில் கண்டுபிடித்தார்கள்.

இதன் உட்பொருளைக் கவனியுங்கள். அந்தத் தணிக்கையைச் சாத்தியமாக்கியது பட்டியலில் இருந்த பெயர்கள். "முப்பத்திரண்டு தொழிலாளர்கள், இத்தனை ஆயிரம் ரூபாய்" என்ற மொத்தக் கணக்கு மட்டும் வாசிக்கப்பட்டிருந்தால் ஒருவரும் எதையும் மறுத்திருக்க முடியாது. பெயர்களைக் கேட்டதால்தான் பொய் வெளிப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

1995 ஏப்ரலில் அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், உள்ளாட்சி வேலைகளின் ஆவணங்களை மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கடந்தும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கி 40 நாட்கள் நீடித்தது. நகரத்தின் தொழிற்சங்கங்கள் ஆதரவளித்தன. காய்கறி வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே அங்கு எழுந்த முழக்கம். அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் 53 நாட்கள் தர்ணா நடந்தது. தேசிய அளவிலான இயக்கமும் 1996இலேயே உருவாயிற்று.

மேலிருந்து வந்ததும் கீழிருந்து வந்ததும்

நமது நாட்டின் அரசு இயந்திரம் வெள்ளையர் ஆட்சியிடமிருந்து பெறப்பட்டது. அதனுடன் 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டமும் வந்து சேர்ந்தது. அடிமைப்பட்ட மக்களுக்கு அந்நிய அரசு கணக்குச் சொல்லாது, அது இயல்பு. ஆனால் விடுதலைக்குப் பின்னும் அச்சட்டம் நீடித்தது, இன்றும் நீடிக்கிறது. 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் உச்சநீதிமன்றம், அரசின் பொதுச் செயல்களை அறிந்துகொள்வது மக்களின் உரிமை என்று கூறியது. தீர்ப்பு இருந்தது, ஆனால் கிராம அலுவலகத்தின் அலமாரிப் பூட்டு திறக்கவில்லை.

தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. ஆண்டு 1997. ஆனால் அச்சட்டத்தில் விலக்குகள் மிகுதியாக இருந்தன. மக்கள் இயக்கத்தின் அழுத்தம் பின்னால் இல்லை. எனவே அது பெரும்பாலும் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. வாஜ்பாய் ஆட்சியில் நிறைவேற்றப்பட்ட 2002ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கதி இதனினும் மோசம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த பிறகும் அது ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை.

2004 தேர்தலுக்குப் பின் நிலைமை மாறியது. இடதுசாரிக் கட்சிகளின் ஏறத்தாழ அறுபது உறுப்பினர்களின் ஆதரவில் நின்ற அரசு, குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தின்படி நடக்க வேண்டியிருந்தது. 2004 டிசம்பரில் அரசு கொண்டுவந்த மசோதா ஒன்றிய அரசின் அலுவலகங்களுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது. ஒரு கூலித் தொழிலாளிக்குத் தேவையான தகவல் பஞ்சாயத்திலும் வட்ட அலுவலகத்திலும் இருக்கிறது. தில்லிச் செயலகத்தில் இல்லை. மக்கள் இயக்கங்களும் ஜனநாயக சக்திகளும் தலையிட்டதால் மசோதா விரிவுபடுத்தப்பட்டு, மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. 2005 மே மாதம் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. அதே ஆண்டில் ஊரக வேலை உறுதிச் சட்டமும் நிறைவேறியது. அதன் 17ஆவது பிரிவு, கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கோட்கிரானாவில் உரிமையின்றி நடந்த காரியம் சட்டத்தின் வாசகமாயிற்று.

சட்டம் வந்த மறு ஆண்டே கோப்புக் குறிப்புகளை மக்கள் பார்வையிலிருந்து விலக்க அமைச்சரவை முடிவெடுத்தது. இடதுசாரிக் கட்சிகளும் மக்கள் இயக்கங்களும் எதிர்த்ததால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. வென்ற உரிமையைக் காத்து நிற்காவிட்டால் அது நிலைக்காது என்பதற்கு இதுவே முதல் சான்று.

பத்து ரூபாயின் வலிமை

சட்டத்தின் அமைப்பு எளிமையானது. பத்து ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாட்களில் பதில் தர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலாக இருந்தால் 48 மணி நேரம். காரணமின்றி மறுத்தாலோ தாமதித்தாலோ, பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் தண்டம்.

இவற்றைவிட முக்கியமானது 6(2)ஆவது பிரிவு. தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பல நூறு ஆண்டுகளாக அலுவலக வாசலில் கைகட்டி நின்ற மக்களுக்கு இப்பிரிவு தந்த கண்ணியத்தை எளிதாக மதிப்பிட முடியாது. "உனக்கு எதற்கு அது?" என்று கேட்கும் அதிகாரம் அதிகாரியிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. விளக்க வேண்டியவர் மறுப்பவரே; கேட்பவர் அல்ல.

இந்த வலிமையை ஆளும் வர்க்கங்கள் நன்கு புரிந்துகொண்டன. 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமூ மாவட்டத்தில், வேலை உறுதித் திட்டத்தின் சமூகத் தணிக்கைப் பணியில் ஈடுபட்டிருந்த லலித் மேத்தா கொல்லப்பட்டார். 2010 ஜனவரியில் புணே அருகே நில மோசடிகளை வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில், கிர் வனப்பகுதியின் சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜெத்வா அகமதாபாத்தில் உயர்நீதிமன்றத்தின் அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பயனற்ற ஒரு சட்டத்தைப் பயன்படுத்தியதற்காக யாரையும் கொல்ல மாட்டார்கள். முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014இல் நிறைவேற்றப்பட்ட சட்டமோ இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

மூன்று அடிகள்

மோடி அரசு இச்சட்டத்தை ஒரே அடியில் ரத்து செய்யவில்லை. அப்படிச் செய்தால் எதிர்ப்பு எழும் என்பது அதற்குத் தெரியும். மூன்று அடிகளாகச் செய்திருக்கிறது.

முதல் அடி 2019இல். தகவல் ஆணையர்களுக்குச் சட்டமே ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை உறுதி செய்திருந்தது. தலைமை ஆணையருக்குத் தலைமைத் தேர்தல் ஆணையருக்கு இணையான ஊதியம் இருந்தது. அவற்றை நீக்கி, பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் ஒன்றிய அரசே விதிகள் மூலம் தீர்மானிக்கும் என்று திருத்தினார்கள். மாநில ஆணையர்களின் நிலையையும் தில்லியே தீர்மானிக்கும் என்றானது. பதவிக்காலம் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அரசின் தயவில் வாழ வேண்டும் என்பதே இதன் பொருள்.

இரண்டாவது அடி, ஆணையங்களை ஆளில்லாமல் விடுவது. 2025 செப்டம்பரில் மத்திய தகவல் ஆணையம் தலைமை ஆணையர் இல்லாமல் போனது. அப்போது பத்து ஆணையர் இடங்களில் எட்டு காலியாக இருந்தன. லலித் மேத்தா கொல்லப்பட்ட அதே ஜார்க்கண்டில், 2020 மே மாதத்துக்குப் பின் பல ஆண்டுகள் மாநிலத் தகவல் ஆணையமே செயல்படாமல் இருந்தது. மேல்முறையீட்டை விசாரிக்க ஆள் இல்லையென்றால், தகவலை மறுக்கும் அலுவலர் யாருக்கு அஞ்ச வேண்டும்? இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படவில்லை.

மூன்றாவது அடிதான் இம்மாதம் விழுந்தது. அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பழைய 8(1)(ஜே) உட்பிரிவு தனிநபரின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கவே செய்தது. ஆனால் அதில் ஒரு சோதனை இருந்தது. கேட்கப்படும் தனிப்பட்ட தகவலுக்கும் பொதுச் செயல்பாட்டுக்கும் அல்லது பொதுநலனுக்கும் தொடர்பே இல்லையென்றால், அல்லது அதை வெளியிடுவது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடாகும் என்றால் மறுக்கலாம். அப்போதும் பெரும் பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் அச்சட்டத்தில் இருந்தது. மக்கள் பிரதிநிதிக்கு உள்ள உரிமை மக்களுக்கும் உண்டு என்பது எத்தனை ஆழமான ஜனநாயகக் கோட்பாடு!

இவை அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன. இப்போது எஞ்சியிருப்பது ஒரே தொடர்: தனிப்பட்ட தகவல் தொடர்பானவற்றைத் தர வேண்டியதில்லை. சோதனை இல்லை; அளவுகோல் இல்லை. இதைக் கொண்டுவந்த மசோதா 2023 ஆகஸ்டில் முறையான விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்பட்டது. மணிப்பூர் பிரச்சினைக்காக எதிர்க்கட்சிகள் போராடிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அரசு இதற்கு ஒரு சமாதானம் சொல்கிறது. 8(2)ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது; பொதுநலன் மேலோங்கினால் அதன்படி தகவல் தரலாம், எனவே எதுவும் குறையவில்லை என்கிறது. பிரிவு இருப்பது உண்மை. ஆனால் அது "தரலாம்" என்று சொல்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் அலுவலகத்தின் விருப்பம். பொதுநலன் உண்டு என்று இனி மனுதாரரே வாதாட வேண்டியிருக்கும். காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) முன்வாசலில் தந்த கண்ணியத்தை, இந்தத் திருத்தம் பின்வாசல் வழியாகப் பறித்துக்கொள்கிறது.

பழைய உட்பிரிவும் தவறாகப் பயன்படுத்தப்பட்டதுண்டு. அதிகாரிகளின் சொத்து விவரங்களும் துறை நடவடிக்கை விவரங்களும் அதன் பேரால் மறுக்கப்பட்டன. கதவு ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. இப்போது தாழ்ப்பாளும் போடப்பட்டிருக்கிறது.

யாருடைய அந்தரங்கம்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நாம் அதை வரவேற்றோம்; இன்றும் வரவேற்கிறோம். ஆதார் எண்ணின் பேரால் மக்களின் வாழ்வைத் துருவிப் பார்க்கும் அரசிடமிருந்து குடிமகனைக் காக்கவே அவ்வுரிமை கோரப்பட்டது. அவ்வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று வாதாடியது இதே ஒன்றிய அரசு. இன்று அதே அரசு அந்தரங்கத்தின் காவலனாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

அந்தக் காவலின் தன்மையை வேலைத்தளத்தில் பாருங்கள். வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களின் வருகையை, 2023 ஜனவரி முதல் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை புகைப்படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். மண்வெட்டியுடன் வெயிலில் நிற்கும் பெண்களின் படங்கள் அரசின் இணையதளத்தில் கிடக்கின்றன. சிக்னல் இல்லாத இடத்தில் படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. 2024 ஜனவரி முதல் கூலியும் ஆதார் இணைப்பின் வழியாகவே என்றாக்கினார்கள். அவர்களின் அந்தரங்கம் குறித்து அரசு ஒருபோதும் கவலைப்படவில்லை. ஆனால் அதே வேலைக்குப் பொருள் வழங்கிய ஒப்பந்தக்காரரின் பெயரையும், பில்லில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரையும் கேட்டால், இனி "தனிப்பட்ட தகவல்" என்று மறுக்க வழி பிறந்துவிட்டது.

போலிப் பெயர்கள் நிறைந்த மஸ்டர் ரோலின் நகலைக் கேட்டாலும் இதே பதிலைச் சொல்ல முடியும். கோட்கிரானாவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத பட்டியலை ஊர் தணிக்கை செய்ய முடியாது. ரேஷன் அரிசி யார் பெயரில் எடுக்கப்பட்டது, முதியோர் உதவித்தொகை யாருக்குப் போயிற்று, வீட்டுத் திட்டத்தில் வீடு யாருக்கு ஒதுக்கப்பட்டது என்ற கேள்விகள் அனைத்தும் பெயரைப் பற்றியவை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2018இல் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. நன்கொடை கொடுத்தவர் யார் என்பது வாக்காளருக்குத் தெரியக் கூடாது என்பதே அதன் அடிப்படை. அரசியல் கட்சிகளின் நிதி ஆதாரத்தை அறியும் பொதுவான உரிமை குடிமக்களுக்கு இல்லை என்று 2023இல் அட்டர்னி ஜெனரல் உச்சநீதிமன்றத்தில் வாதிட்டார். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் உண்டு. விவரங்களைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை, அதாவது தேர்தல் முடியும் வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தவுடன் மார்ச் மாதத்திலேயே எல்லாம் வெளிவந்தன. மொத்தம் 16,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பத்திரங்கள். அதில் மிகப் பெரிய பங்கு ஆளும் பாஜகவுக்கு. அங்கும் நமக்குத் தேவைப்பட்டது பெயர்களே. பெயரும் எண்ணும் இணைந்தபோதுதான் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது தெரிந்தது.

மறுபுறம், மக்களின் துயரத்தைப் பற்றிய தகவல் அரசிடமே இருப்பதில்லை. 2020 ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது, தரவு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதிலளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கப்பட்ட பிஎம் கேர்ஸ் நிதி, பிரதமரைத் தலைவராகவும் தேசியச் சின்னத்தை அடையாளமாகவும் கொண்டிருந்தபோதும், தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்கிறது அரசு. 2017-18ஆம் ஆண்டின் வேலையின்மை விகிதம் 6.1 சதவீதம் என்று காட்டிய ஆய்வறிக்கை, 2019 தேர்தல் முடியும்வரை வெளியிடப்படவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, அரசின் எந்த அமைப்புக்கும் அச்சட்டத்திலிருந்து விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மீறல்களுக்கான தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஊழலில் தொடர்புடையவர்களின் பெயரை வெளியிடும் சிறு பத்திரிகை இதை எண்ணி அஞ்ச வேண்டியிருக்கும். மக்கள் அரசுக்குக் கண்ணாடியாகத் தெரிய வேண்டும். அரசு மக்களுக்குச் சுவராக நிற்க வேண்டும். இதுவே இத்திருத்தத்தின் வர்க்க உள்ளடக்கம்.

நம்மை நோக்கியும் ஒரு கேள்வி

வெளிப்படைத்தன்மையை நாம் தாராளவாதிகளிடமிருந்து கடன் வாங்கவில்லை. 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கம்யூன் தன் நடவடிக்கைகளையும் குறைகளையும் மக்களுக்கு வெளிப்படையாக அறிவித்ததை மார்க்ஸ் அதன் சிறப்புகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். 1917இல் புரட்சிக்கு முன்பே வணிக ரகசியத்தை ஒழிக்க வேண்டும் என்று லெனின் எழுதினார். புரட்சி வென்றவுடன் ஜார் அரசின் ரகசிய ஒப்பந்தங்கள் உலகின் முன் வெளியிடப்பட்டன.

ஆனால் பின்னாளைய சோஷலிச நாடுகளின் அனுபவம் எப்போதும் இவ்வழியில் இருக்கவில்லை. 1986இல் செர்னோபில் விபத்து பற்றிய உண்மை மக்களுக்குத் தாமதமாகவே சொல்லப்பட்டது. கணக்கைக் கேட்கும் பழக்கத்தை இழந்த மக்கள், தங்கள் அரசைக் காக்கும் ஆற்றலையும் இழக்கிறார்கள். இந்தப் பாடத்தை மறைத்துவிட்டு நாம் பேச முடியாது. இடது முன்னணி ஆட்சியின்போது கேரளத்தில் 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையின் முன் வைக்கும் மரபை வளர்த்தது. அது நமது பெருமை. அதே அளவுகோலால் நமது உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஒவ்வொருவரும் அளக்கப்பட வேண்டும்.

2013இல் மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளைப் பொது அதிகார அமைப்புகள் என்று அறிவித்தது. எந்தக் கட்சியும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. உட்கட்சி விவாதங்களையும் வேட்பாளர் தேர்வையும் எதிரிகள் மனுப்போட்டுத் துருவ இடமளிக்க முடியாது என்பது நம் தரப்பு வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் நிதிக் கணக்குக்கு அந்த வாதம் பொருந்தாது. துண்டேந்தி வசூலித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கிளைக் கூட்டத்தில் வரவுசெலவு படிக்கப்பட வேண்டும். தேர்தல் பத்திரத்தை எதிர்த்த நமக்கு இக்கடமை மற்றவர்களைவிட அதிகம்.

செய்ய வேண்டியவை

திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பது நமது முதல் கோரிக்கை. ஆனால் அது நிறைவேறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. எஞ்சியுள்ள சட்டம் இன்னும் கூர்மையானது.

முதலாவதாக, 4ஆவது பிரிவைப் படியுங்கள். யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டியவற்றின் பட்டியல் அதில் உள்ளது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரம், சலுகைகளும் அனுமதிகளும் பெற்றோரின் விவரம், அலுவலர்களின் ஊதியம் ஆகியவை அப்பட்டியலில் உண்டு. இப்பிரிவு திருத்தப்படவில்லை. ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஜன் சூச்னா இணையதளம், மக்கள் இயக்கத்தின் வற்புறுத்தலால் இப்பிரிவின் அடிப்படையிலேயே உருவானது. ரேஷன் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கூறும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவும், சமூகத் தணிக்கைக்கான 28ஆவது பிரிவும் இருக்கின்றன. மனுக்களில் இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

இரண்டாவதாக, தாளை மட்டும் கேட்காதீர்கள். வேலையை நேரில் பார்வையிடவும், ஆவணங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கவும், கட்டுமானப் பொருளின் மாதிரியைப் பெறவும் சட்டம் உரிமை தருகிறது. போட்ட சாலையை அளந்து பார்ப்பதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை.

மூன்றாவதாக, தகவல் மறுக்கப்பட்டால் 8(2)ஆவது பிரிவைக் காட்டி முதல் மேல்முறையீட்டை 30 நாட்களுக்குள்ளும், இரண்டாவதை 90 நாட்களுக்குள்ளும் செய்யுங்கள். மறுப்புக் கடிதங்களைத் தூக்கி எறியாதீர்கள். மாவட்டக் குழுக்கள் அவற்றைத் திரட்டினால், இந்தத் திருத்தம் எதை மறைக்கிறது என்பதற்கு அவையே சாட்சியமாகும்.

நான்காவதாக, தனியொருவராகச் செய்யாதீர்கள். கொல்லப்பட்டவர்களில் பலர் தனித்து நின்றவர்கள். மனுவைச் சங்கத்தின் பலர் சேர்ந்து எழுதுங்கள். ஒரே தகவலை ஐந்து பேர் கேளுங்கள். வருகிற பதிலைக் கோப்பில் பூட்டி வைக்காமல், கிராம சபையிலும் தெருமுனையிலும் உரக்கப் படியுங்கள். மனு எழுதுவது நமது அரசியலுக்கு மாற்று அல்ல. மக்களைத் திரட்டுவதற்கான ஒரு வழி மட்டுமே.

இங்குள்ள ஒவ்வொரு கிளையும் அடுத்த மூன்று மாதங்களில் ஒரே ஓர் ஆவணத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். மஸ்டர் ரோலாக இருக்கலாம். ரேஷன் கடைப் பதிவேடாக இருக்கலாம். சாலைப் பணியின் அளவைப் புத்தகமாக இருக்கலாம். அதைக் கேட்டுப் பெற்று, யாருடைய வாழ்க்கை அதில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த மக்களின் நடுவே அமர்ந்து படியுங்கள். மறுக்கப்பட்டால் அந்த மறுப்பைப் படியுங்கள். முப்பதாண்டுகளுக்கு முன் எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளிகள் சட்டமே இல்லாத நிலையில் செய்து காட்டிய காரியம் இது. சட்டம் கையில் இருக்கும்போது நாம் அதைச் செய்யாமல் இருந்தால், சட்டம் பறிபோவதைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி இராது.